நின்றதும் நிறுத்தியதும்

சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் மாதவிடாய் நின்றதைச் சொல்ல ஒரே பேச்சுதான் உண்டு: "எனக்கு நின்னு போச்சு." தானாக நின்றவளும் அதைத்தான் சொல்கிறாள், ஆபரேஷன் செய்து நிறுத்தப்பட்டவளும் அதைத்தான் சொல்கிறாள். சொல் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று வீட்டு ஆண்கள் நினைத்துவிடுகிறார்கள். என் குடும்பத்தில் இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

திருப்பதியில் இருக்கும் பெரியம்மாவுக்கு 47 வயதில் நின்றது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது, மேலைநாடுகளில் 51. திடீரென்று நிற்கவில்லை. இரண்டு வருடம் இழுத்தது. ஒரு மாதம் வரும், மூன்று மாதம் வராது, வந்தால் கொட்டித் தீர்க்கும். நடுராத்திரியில் மார்பிலிருந்து முகம்வரை குப்பென்று சூடு ஏறி, ஜாக்கெட் நனைந்து எழுந்து உட்காருவார். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்த பிறகுதான் டாக்டர் "நின்றுவிட்டது" என்றார். அதில் அவருக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. திருமலைக்குப் போக வேண்டுமென்றால் அதுவரை காலண்டரில் நாள் எண்ணி, தேதியைத் தள்ளிப்போடும் மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் கிளம்புவார். "இனி நெனச்ச அன்னிக்கி ஏழுமலையானைப் பார்க்கலாம்டி" என்று அவர் சொன்னபோது முகத்தில் இருந்த வெளிச்சம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சித்தூர்ப் பக்கத்து அத்தைக்கு ஆபரேஷனால் நின்றது 34 வயதில். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலை, நாள் முழுக்க நின்றபடி. நாலைந்து மாதமாக ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, "பையில கட்டி இருக்கு, விட்டா கேன்சராயிடும்" என்றார்கள். மாமா பயந்துபோனார். கறவை மாட்டை விற்றுப் பணம் கட்டிக் கையெழுத்துப் போட்டார். மனைவியைக் காப்பாற்றத்தான் போட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எதை எடுக்கிறார்கள் என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

கருப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும். சினைப்பைகள் இருக்கும்வரை ஹார்மோன் சுரக்கும், சிலருக்கு அது சில வருடம் முன்கூட்டியே குறையலாம். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் கதையே வேறு. பெரியம்மாவின் உடம்பு வருடக்கணக்கில் படிப்படியாக இறங்கிய இடத்துக்கு, அத்தையின் உடம்பு ஒரே நாளில் தள்ளப்பட்டது. ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே சூடு, தூக்கமின்மை, மூட்டுவலி, காரணமில்லாத அழுகை. மாமா கேட்டார்: "ஆபரேஷன்தான் செஞ்சாச்சே, இன்னும் என்ன?"

இது எங்கள் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. 2015-16இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் கருப்பை அகற்றப்பட்டவர்கள் நாடு முழுவதும் 3.2 சதவீதம். ஆந்திரத்தில் 8.9 சதவீதம், மாநிலங்களில் அதுவே அதிகம். நாட்டளவில் இந்த ஆபரேஷன்களில் மூன்றில் இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்தவை. தேவையில்லாமல் கருப்பை அகற்றப்படுவது குறித்த வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தச் சொன்னது. கடும் ரத்தப்போக்குக்கு மாத்திரை இருக்கிறது, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. தைராய்டையும் ரத்தசோகையையும் முதலில் பார்க்க வேண்டும். கருப்பையை எடுத்தே ஆக வேண்டிய நிலைமைகளும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கடைசி வழி.

சிகிச்சையிலும் இருவரும் வேறு வேறு. பெரியம்மாவுக்குத் தினம் நடை, ராத்திரி காபியை விட்டது, எலும்புக்குக் கால்சியம், இவ்வளவே போதுமாக இருந்தது. எங்கள் பக்கத்துக் கேழ்வரகுக் களியான ராகி சங்கட்டிக்கு ஈடு கிடையாது, 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அத்தைக்கு அது போதாது. 45 வயதுக்கு முன்பே சினைப்பைகளை இழந்தவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய் போன்ற தடைகள் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயதுவரை ஹார்மோன் மாத்திரை தருவதுதான் மருத்துவ முறை. இல்லாவிட்டால் எலும்பும் இதயமும் முன்கூட்டியே பலவீனப்படலாம். 2002இல் ஹார்மோன் மாத்திரை பற்றிய அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று பாதியில் நிறுத்தப்பட்டதிலிருந்து ஹார்மோன் என்றாலே பயம் பரவிவிட்டது. அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. அந்தப் பயத்தை 34 வயதுக்காரிமேல் ஏற்றுவது சரியில்லை. அத்தைக்கு யாரும் எதுவும் எழுதித் தரவில்லை. 41 வயதில் வாசற்படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

இரண்டு கணவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பெரியப்பா படித்தவர் இல்லை, லட்டுக் கவுண்டர் பக்கம் கடை வைத்திருந்தவர். மனைவி எரிந்து விழுந்த நாட்களில் பதிலுக்குக் கத்தாமல் வெளியே போய்விட்டு வருவார். ராத்திரி தலைமாட்டில் சொம்புத் தண்ணீரும் மாற்று ஜாக்கெட்டும் வைப்பார். டாக்டரிடம் கூடவே போனார், தேதிகளைக் கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினார். வறட்சியால் உடலுறவு வலிக்கும், அதற்கு க்ரீம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதைத் தலைகுனிந்தபடியே கேட்டுக்கொண்டார். மாமாவோ, மனைவி விலகிப் படுப்பதைத் தன்மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். மாட்டை விற்ற அன்பு அவரிடம் குறையவே இல்லை. விஷயம்தான் தெரியவில்லை.

ஆந்திரத்தில் மணமான பெண்களில் பத்தில் ஏழு பேர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. கத்தி எப்போதும் பெண்ணின் வயிற்றில்தான். கையெழுத்தாவது தெரிந்து போடக் கூடாதா?

மனைவிக்குக் கருப்பையை எடுக்கச் சொன்னால், கையெழுத்துக்கு முன்பு கேளுங்கள்: வேறு வழி பார்த்தாயிற்றா? சினைப்பைகளை விட்டுவைப்பீர்களா? இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால், பெட்டியின் அடியில் கிடக்கும் அந்த டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். எது எடுக்கப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும். அத்தையின் சீட்டைப் போன மாதம்தான் தேடி எடுத்தோம். இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்டிருந்தன. இந்த முறை டாக்டரிடம் மாமாவும் கூட வந்தார்.