மெழுகுத் துணியில் பிறந்த சோழமண்டலம்

நம் ஊரில் ஓவியனுக்குச் சோறு போட்டது கோயில், அரண்மனை, ஜமீன். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த மூன்றும் கையை விரித்துவிட்டன. 1948இல் சட்டம் வந்து ஜமீன்கள் ஒழிந்தன. சாமி படங்களைக் கோவில்பட்டியில் கொண்டையராஜு வரைந்து கொடுக்க, சிவகாசி அச்சகங்கள் அவற்றைக் காலண்டராக்கி வீட்டுக்கு வீடு அனுப்பின. தாத்தா பாட்டி முகத்தைப் போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒரே நொடியில் பிடித்துக் கொடுத்தார். இத்தனைக்கும் பிறகு ஒருவன் ஐந்தாறு வருஷம் ஓவியம் படித்துவிட்டு வெளியே வந்தால் என்ன செய்வான்?

இந்தக் கேள்வி மற்ற எவரையும்விட கே.சி.எஸ். பணிக்கரை அதிகம் அரித்தது. 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளிக்குள் நுழைந்தார். சம்பளத்துக்கும் தூரிகைக்கும் நடுவே இழுபடுவது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கிய அந்தப் பள்ளிக்கு, தேவிபிரசாத் ராய் சௌத்ரிக்குப் பிறகு 1957இல் பணிக்கர் தலைவரானார். கெட்டிக்கார மாணவர்கள் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டராகவும் விளம்பரக் கம்பெனி ஆளாகவும் கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாணவர்களில் ஆதிமூலமும் ரெட்டப்ப நாயுடுவும் நெசவாளர் சேவை மையத்தில் சேர்ந்தார்கள். அந்த வேலை ஒன்றும் மட்டமில்லை. ஆனால் எல்லோருக்கும் அப்படி இடம் கிடைக்காதே.

அப்போதுதான் பாத்திக் வந்தது. ஓவியர்கள் தங்களுக்குள் ஒரு கைவினைச் சங்கம் அமைத்துக்கொண்டு, மாலை நேரங்களில் துணியில் இறங்கினார்கள். மெழுகை உருக்கித் தூரிகையால் துணியில் கோலம் இழுக்க வேண்டும். பிறகு குளிர்ந்த சாயத்தில் முக்க வேண்டும். சாயத்தைச் சூடாக்கிவிட்டால் மெழுகு இளகி வேலை கெட்டுவிடும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்த மெழுகு அங்கங்கே விரிசல் விட, அந்த விரிசலுக்குள் சாயம் புகுந்து மயிரிழை போலக் கோடுகள் ஓடும். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகைக் கழற்றினால் படம் தெளியும். இரண்டு துணி ஒன்றுபோல் வராது. அன்றைய பட்டணத்துப் படித்த குடும்பங்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. அலுவலகம் போகும் பெண்களுக்குச் சேலை, புதிய வீடுகளின் வெற்றுச் சுவருக்குத் தொங்கும் துணி. கான்வாஸை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் பாத்திக்கைக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

சேர்ந்த பணத்தில் நிலம் வாங்கினார்கள். ஈஞ்சம்பாக்கம், அப்போதைய செங்கல்பட்டு மாவட்டம். மாமல்லபுரம் பக்கம் போகும் கடற்கரைப் பாதையில் மணலும் சவுக்கும், பக்கத்தில் மீனவர் குடியிருப்பும்தான். 1966இல் முப்பது பேர் அளவில் கூடி, பின்னால் சுமார் 10 ஏக்கராக நிலைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். முதலில் ஓலைக் குடிசைதான், மின்சாரம்கூடப் பிறகுதான் வந்தது. காசு சேரச் சேர ஆளுக்கொரு வீடு எழுந்தது. வீட்டோடு ஒட்டி வேலை செய்யும் இடம், திறந்தவெளி அரங்கு, கூடம். கலை வரலாற்று நூல்கள் பாணிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுப் பாத்திக்கை இரண்டு வரியில் தாண்டிப் போகின்றன. எனக்கென்னவோ அந்த மெழுகுச் சட்டிதான் முதலில் கண்ணில் படுகிறது. வயிற்றுக்கு வழி செய்துகொண்ட பிறகுதான் யாருக்கும் பிடிக்காத படத்தையும் துணிந்து வரைய முடிந்தது.

பணிக்கரின் புகழ்பெற்ற ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை பிறந்ததும் ஏட்டுச் சுவடியைப் பார்த்து அல்ல. 1963இல் ஒரு மாணவனின் கணக்கு நோட்டைப் புரட்டியபோது எண்களும் ஆங்கில எழுத்துகளும் கணிதக் குறிகளும் நெருக்கியடித்துக் கிடந்த பக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. ரோமன் எழுத்து போய் மலையாள எழுத்து வந்தது, ஜாதகக் கட்டம் வந்தது. உற்றுப் படித்தால் அர்த்தம் எதுவும் சிக்காது. பள்ளிக்கூட மேஜையிலிருந்து கிளம்பிய படம் பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ பழைய மந்திரத் தகடுபோல் தெரிகிறது. மேற்கத்திய நகல் என்று திட்டுவதற்கும் இடமில்லை, பழம்பெருமை என்று கொண்டாடவும் இடமில்லை.

சோழமண்டலத்து ஓவியர் ராமானுஜம் வேறு ரகம். தொப்பியும் கோட்டுமாகத் திரிந்த அந்த மனிதர் பேனாவும் மையும் வைத்துக்கொண்டு எந்த ஊரிலும் இல்லாத அரண்மனைகளைக் கட்டினார். கோபுரம் மேல் கோபுரம், வளைவுக்குள் வளைவு, பாம்பு, பறவை, நடுவே தொப்பியோடு அவரே. சென்னையில் பழைய வீடுகள் இடிபட்டு வழவழப்பான சுவர்கள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. கன்னிமரா ஓட்டலின் சுவருக்குப் படம் வரையவும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். 1973இல், முப்பது வயதைத் தாண்டிய சில வருஷங்களில், இறந்துபோனார். 

சிற்பிகளுக்கு வாய்த்தது வெல்டிங் டார்ச். தெற்கே மாமல்லபுரத்தில் ஸ்தபதிகளின் உளிச்சத்தம் ஓயவில்லை. 1957இல் அங்கே சிற்பக் கல்லூரியும் வந்திருந்தது. இங்கே பணிக்கரின் மகன் நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, கோயில் விக்கிரகம் மாதிரி நேருக்கு நேர் நிற்கும் உருவங்களைச் செய்தார். பக்தர்கள் கும்பிட முடியாது, ஆனால் பார்த்த உடனே ஊர்க்காரர் என்று தெரிந்துவிடும்.

கிராமத்தைத் தொடங்கிய ஓவியர்கள் எல்லோரும் அங்கே நிலைக்கவில்லை. விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸ் போனார்கள், வாசுதேவ் பெங்களூர் போனார். பணிக்கர் 1977இல் காலமானார். ஓவியம் விற்கத் தொடங்கியதும் பாத்திக் மெல்ல ஒதுங்கியது. 2009இல் கிராமத்தில் அருங்காட்சியகம் திறந்தது. 2011இல் ஈஞ்சம்பாக்கமே சென்னை மாநகராட்சிக்குள் போய்விட்டது. சுற்றிலும் இப்போது பங்களாக்கள், ரிசார்ட்டுகள். ஓவியக் கல்லூரியில் இன்று படிக்கும் பையன் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு விடிய விடிய மெழுகு காய்ச்சினாலும், அந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சென்ட் நிலத்துக்கு முன்பணம்கூடக் கொடுக்க முடியாது.