புதுசு யாருடைய தேவை? வலைப்பக்கத் தொழிலின் வரலாறு குறித்து

1

கணினித் தொழிலில் 'ஃப்ரண்ட் எண்ட்' என்றொரு பிரிவு உண்டு. திரையில் நாம் பார்க்கிற, தொடுகிற, நிரப்புகிற பக்கங்களைக் கட்டுகிற வேலை அது. ரயில் டிக்கெட் பதிவதிலிருந்து பத்திரிகை படிப்பது வரை இந்த வேலையின் வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. இத்தொழிலுக்குள் நுழைகிறவரிடம் முதலிலேயே சொல்லப்படுவது: 'எப்பவும் அப்டேட்டா இருக்கணும், இல்லேன்னா காலி.'

தொனியில் இது அறிவுரை, இயங்குவதோ கட்டளையாக. தொழில்நுட்பம் மாறிக்கொண்டேதான் இருக்கும், அது அதன் இயல்பு, ஓடிப் பிடிப்பது உன் பொறுப்பு என்கிற கருத்தாக்கம் இதற்குள் பொதிந்திருக்கிறது. 'இயல்பு' என்று எது சொல்லப்பட்டாலும் அதற்கொரு வரலாறு இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது விமர்சனத்தின் வேலை. இங்கே அந்த வரலாறு நீண்டதுகூட இல்லை. நாற்பது வருஷத்துக்குள் அடங்கிவிடும்.

2

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989இல் முன்மொழிந்த வலை, 1991இல் வெளியுலகுக்கு வந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதன் மென்பொருளைப் பொதுச்சொத்தாக அறிவித்தது. யாருக்கும் காசு தர வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இந்தப் பொதுமையோடு சேர்ந்து ஒரு நெறியும் வளர்ந்தது: ஏற்கெனவே இருக்கிற பக்கத்தை உடைக்காதே.

1995 மே மாதம், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். அவசரத்தில் நுழைந்த பிழைகளில் ஒன்று பிரசித்தம். 'நல்' என்றால் வெறுமை. அது என்ன வகை என்று அந்த மொழியிடம் கேட்டால் 'ஆப்ஜெக்ட்' என்று பதில் சொல்லும். தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். இன்றுவரை திருத்தவில்லை; திருத்தினால் அதை நம்பி எழுதப்பட்ட பக்கங்கள் உடையும். 2018இல் அம்மொழியில் 'ஃபிளாட்டன்' என்ற பெயரில் ஒரு புதிய வசதியைச் சேர்க்க முற்பட்டபோது, வழக்கொழிந்துகொண்டிருந்த மூடூல்ஸ் என்கிற பழைய நிரல்தொகுப்பு அதே பெயரைப் பயன்படுத்தியிருப்பது தெரியவந்தது. முடிவில் புதுசுதான் பெயரை மாற்றிக்கொண்டது, 'ஃபிளாட்' ஆயிற்று. யாரோ என்றோ கட்டிவிட்டு மறந்துபோன பக்கங்களுக்காக ஒரு மொழியே வளைந்துகொடுத்தது.

ஆக, எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய பொது அடித்தளம் சேர்த்துக்கொண்டே போகிறது; ஏறக்குறைய எதையும் தூக்கி எறிவதில்லை. 1991இன் குறிகளில் எழுதிய பக்கம் இன்றைய பிரவுசரிலும் திறக்கும். அப்படியானால் வேகமாகக் காலாவதியாவது எது?

3

1995 ஆகஸ்டில் நெட்ஸ்கேப் பங்குச் சந்தைக்குள் நுழைந்தது. அதே மாதம் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை வெளியிட்டது. அடுத்த சில ஆண்டுகள் இரண்டு கம்பெனிகளும் போட்டி போட்டுக்கொண்டு தங்களுக்கு மட்டுமே புரிகிற குறிகளைச் சேர்த்தன. 'இப்பக்கத்தை இன்ன பிரவுசரில் பார்க்கவும்' என்ற அறிவிப்பு தளங்களின் நெற்றியில் ஒட்டப்பட்ட காலம் அது. ஒரே பக்கத்தை இரண்டு விதமாக எழுதும் சுமை பக்கம் கட்டுகிறவரின் தலையில் விழுந்தது.

மைக்ரோசாஃப்ட் ஜெயித்தது. 2001இல் எக்ஸ்ப்ளோரரின் ஆறாம் பதிப்பு வந்தபோது சந்தையின் பெரும்பகுதி அதன் கையில். ஏழாம் பதிப்பு எப்போது வந்தது? 2006இல். ஐந்து வருஷம். தொழில்நுட்பத்தின் 'இயல்பு' இந்த ஐந்து வருஷம் எங்கே போயிருந்தது? போட்டி முடிந்ததும் புதுமையும் முடிந்தது. இக்காலத்தில் நிஜமாகவே வளர்ந்தது தொழில் செய்பவர்களின் கூட்டறிவுதான். பொதுத் தரங்களை மதிக்கச் சொல்லி 1998இல் தொடங்கிய வெப் ஸ்டாண்டர்ட்ஸ் புராஜெக்ட், ஒரே உரைக்கு எத்தனை தோற்றம் தரமுடியும் என்று காட்டிய 2003ஆம் ஆண்டின் சி.எஸ்.எஸ். ஜென் கார்டன் ஆகியன கம்பெனிகளின் ஆணையால் பிறந்தவை அல்ல.

2004இல் ஃபயர்ஃபாக்ஸ் வந்து சந்தையைக் கடிக்கத் தொடங்கிய பிறகே மைக்ரோசாஃப்ட் விழித்தது. 2008இல் கூகுளின் குரோம். 2010இலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு, 2021இலிருந்து நான்கு வாரத்துக்கு ஒன்று. தேக்கமும் அவசரமும் ஒரே சந்தையின் இரு நிலைகள் என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

4

சொத்துரிமை எங்கே நுழைகிறதோ அங்கேதான் அறிவு சாகிறது என்பதற்கு ஃபிளாஷ் ஓர் உதாரணம். 1996இல் தொடங்கி, 2005இல் அடோபியின் கைக்கு மாறிய இத்தொழில்நுட்பத்தில் ஒரு தலைமுறையே அசைபடங்களும் விளையாட்டுகளும் செய்தது. 2010இல் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் தம் கைபேசியில் அதற்கு இடமில்லை என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். 2020 டிசம்பர் 31உடன் அடோபி ஆதரவை நிறுத்தியது. ஃபிளாஷில் பாதுகாப்பு ஓட்டைகள் இருந்தது உண்மை. ஆனால் அது ஒரு கம்பெனியின் மூடிய பெட்டி என்பதால்தான், கம்பெனி கைவிட்டதும் அதிலிருந்த படைப்புகளும் திறக்காமல் போயின. இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொது முயற்சிகள் கொஞ்சத்தைக் காப்பாற்றியிருக்கின்றன. ஃபிளாஷ் மட்டுமே கற்றவர் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அடுத்து வந்தவை 'ஃபிரேம்வொர்க்'குகள், அதாவது பக்கம் கட்டுவதற்கான ஆயத்தச் சட்டகங்கள். கூகுளின் ஆங்குலர் ஜே.எஸ். 2010இல் வந்தது. 2016இல் வந்த இரண்டாம் பதிப்பு அடியோடு மாற்றி எழுதப்பட்டது. பழைய நிரல் அதில் அப்படியே ஓடாது. பழையதற்கான ஆதரவும் 2021 முடிவோடு நின்றது. ஃபேஸ்புக் தன் சொந்தத் தேவைக்காகச் செய்த ரியாக்ட்டை 2013இல் திறந்துவிட்டது. ஆனால் அதன் உரிமத்தில் காப்புரிமை பற்றிய ஒரு ஷரத்து இருந்தது. 2017இல் அப்பாச்சி அறக்கட்டளை அந்த உரிமத்தை ஏற்க மறுத்து, எதிர்ப்பு வலுத்த பிறகே அது மாற்றப்பட்டது. எத்தனையோ கம்பெனிகளின் பக்கங்கள் ஒரு கம்பெனியின் ஷரத்துமேல் நின்றிருந்தன என்பது அன்றுதான் பலருக்கு உறைத்தது. 2016 மார்ச்சில் 'லெஃப்ட் பேட்' என்கிற பதினோரு வரி நிரலை அதை எழுதியவர் பொதுக்களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட, உலகெங்கும் எண்ணற்ற திட்டங்கள் முடங்கின.

இக்கட்டத்தில்தான், 2015–16 வாக்கில், 'ஜாவாஸ்கிரிப்ட் களைப்பு' என்ற சொல் புழக்கத்துக்கு வருகிறது. சொல்லைக் கவனியுங்கள். களைப்பு என்பது உடம்பின் குறை, ஓய்வெடுத்தால் போய்விடும். ஓர் உற்பத்தி உறவு தனிமனிதரின் சோர்வாகப் பெயர்மாற்றம் பெறுகிறது.

'மூலதனம்' முதல் பாகத்தில் மார்க்ஸ் எந்திரத்தின் இருவகைத் தேய்மானத்தைச் சொல்கிறார். பயன்பாட்டில் தேய்வது ஒன்று. இன்னும் மலிவான, மேலான எந்திரம் வந்துவிடுவதால் நன்றாக ஓடுகிற எந்திரமும் மதிப்பிழப்பது இன்னொன்று. அதற்கு முன்பே போட்ட பணத்தை எடுத்துவிட முதலாளி வேலைநாளை நீட்டுகிறார். நம் காலத்தில் மதிப்பிழப்பது தொழிலாளியின் தலைக்குள் இருக்கும் அறிவு. அங்கே எந்திரத்தின் நஷ்டம் முதலாளிக்கு. இங்கே அறிவின் நஷ்டம் தொழிலாளிக்கு. வேலைநாள் மட்டும் முன்போலவே நீளுகிறது. ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை, கைக்காசு போட்டுச் சேருகிற பயிற்சி, எல்லாம் கணக்கில் வராத உழைப்பு. வீடு, குழந்தை, சமையல் என்று ராத்திரி ஏற்கெனவே பறிபோன பெண்கள் இந்த ஓட்டத்திலிருந்து முதலில் உதிர்வதும், அது அவர்களின் 'ஆர்வக் குறைவு' என்று எழுதப்படுவதும் தற்செயல் அல்ல.

5

புதுசுக்காகத் தவம் கிடந்தவர்களின் கதையும் இதற்குள் இருக்கிறது. யூனிகோடின் முதல் பதிப்பு வந்தது 1991இல். தமிழ் அதிலேயே இருந்தது. ஆனால் சாதாரணக் கணினியில் அது ஓடுவதற்கு விண்டோஸ் 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சந்தைக்குத் தமிழ் அவசரமில்லை. இடைப்பட்ட வருஷங்களில் தளத்துக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியேற்றம். 1997இல் நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்ப ஆளுக்கொரு முறை தந்தன. ஒன்று மற்றதில் வேலை செய்யாது. நெட்ஸ்கேப் வீழ்ந்ததும் அதன் முறையும் வீழ்ந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு, டாம், டாப், தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கிய திஸ்கி, 2010இல் யூனிகோடை ஏற்ற தமிழக அரசாணை என்று நாம் மெல்ல ஒரு பொதுமைக்கு வந்து சேர்ந்தோம்.

அந்நாட்களில் எழுதி, பின்பு மாற்றப்படாத பக்கங்களை இன்று திறந்தால் பக்கம் திறக்கிறது. தலைப்பு, பத்தி, சுட்டி எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. எழுத்துகள் மட்டும் ரோமன் குப்பையாகக் கிடக்கின்றன. 'உடைக்காதே' என்ற நெறி குறிகளைக் காத்தது, நம் எழுத்தைக் காக்கவில்லை. ஏனெனில் நம் எழுத்து அன்று பொது அடித்தளத்தில் நிற்கவில்லை.

6

இது புதுமைக்கு எதிரான வாதம் அல்ல. பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடுக்க உதவும் 'கிரிட்' 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் ஒரே மாதத்தில் வந்தது. பல நிறுவனங்களின் பொறியாளர்கள் பொதுத் தரம் ஒன்றுக்காகச் சேர்ந்து வேலை செய்ததன் பலன் அது. அட்டவணைகளை வளைத்து நெளித்துப் பக்கம் அமைத்த பழைய அவஸ்தையை அது தீர்த்தது. அதைக் கற்றவரின் அறிவு வீணாகாது. பொது அடித்தளத்தில் சேர்ந்தது விலகாது.

எனவே ஒவ்வொரு புதுசின் முன்னாலும் கேட்க வேண்டியவை சில கேள்விகள்தாம். இது பொதுவில் சேருகிறதா, ஒரு கம்பெனியின் சொத்தா? யாருடைய சிக்கலைத் தீர்க்கப் பிறந்தது? கைவிடப்பட்டால் நஷ்டம் யாருக்கு? கற்கும் நேரத்துக்குக் கூலி யார் தருவது? கடைசிக் கேள்வியைத் தனியாள் கேட்டால் 'ஆர்வம் இல்லாதவர்' என்று பெயர் வரும். அதனால்தான் அது ஒரு தொழிற்சங்கக் கோரிக்கையாக வேண்டும்: கற்கும் நேரமும் வேலை நேரமே.