மணிக்கூட்டுக்காரர் மேசையில் பிறந்த மீன்பிடி றீல்

கடந்த வருடக் கோடையில் ரொறன்ரோவில் என் தமையனாரின் மகன் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை அவன் வாகனக் கொட்டகையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது குப்பைப் பையினுள் ஒரு மீன்பிடி றீல் கிடப்பதைக் கண்டேன். மலிவு விலையில் வாங்கியதாம். இரண்டு கோடைகள் சிம்கோ ஏரிக்குக் கொண்டு சென்றதோடு அதன் ஆயுள் முடிந்துவிட்டதாக அவன் கருதினான். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். மணல் அரைபடுவது போன்ற ஓசை எழுந்தது.

"சித்தப்பா, உதைத் திருத்திற காசுக்குப் புதுசு ஒண்டு வாங்கலாம்" என்றான்.

அவன் சொன்னதில் தவறில்லை. எனினும் அதைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலத்தில், பாடசாலையிலிருந்து வீடு திரும்பும் வழியில் மணிக்கூடு திருத்தும் கடை ஒன்று இருந்தது. அங்கிருந்த முதியவர் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிய ஒழுங்கிலேயே வரிசையாக வைப்பார். அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு எத்தனையோ மாலைகள் நின்றிருக்கிறேன். அன்று சமையலறை மேசையில் அவ்வாறே ஒரு துணியை விரித்து அந்த றீலைக் கழற்றினேன். உள்ளே கண்ட பற்சக்கரங்களும் அச்சுகளும் எனக்கு ஒரு கைக்கடிகாரத்தையே நினைவூட்டின. பின்னர் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அந்த ஒற்றுமை தற்செயலானதல்ல என்பது தெரியவந்தது.

முதலில் இக்கருவியைப் பற்றிச் சில வார்த்தைகள். நம்மவர் பலரும் அறிந்திருப்பது 'ஸ்பின்னிங்' றீல். அதில் தூண்டிலை வீசும்போது நூல் உருளை அசையாது நிற்க, தங்கூசி அதன் விளிம்பின் மேலாக வழுகிச் செல்லும். 'பெயிற்காஸ்ரிங்' றீல் அப்படியல்ல. இரை பறக்கும்போது உருளையும் சுழலும். இரையின் வேகம் குறையும் கணத்தில் உருளை அதே வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தால், வெளியேற இடமில்லாத தங்கூசி உள்ளேயே பொங்கிக் குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். அதைத் தடுப்பது வீசுபவரின் பெருவிரல். உருளையின் மேல் மெல்லப் பதிந்து வேகத்தைக் கட்டுப்படுத்துவது அதுவே. சுழலும் உருளையை அடக்குவது எப்படி என்ற ஒரே கேள்விக்கு இருநூறு ஆண்டுகளாகத் தேடப்பட்ட விடைகளே இந்த றீலின் வரலாறு எனலாம்.

கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பல முறை சுழலும் வகையிலான றீல்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே லண்டனில் விற்பனையாகின. ஆனால் அவற்றின் பற்சக்கரங்கள் நூலைச் சுருட்டுவதற்கே உதவின. உருளையிலிருந்தே இரையை வீசும் கருவி உருவானது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில். அங்கு பரிஸ் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஜோர்ஜ் ஸ்னைடர் கடிகாரமும் வெள்ளி வேலையும் செய்பவர். உயிருள்ள சிறு மீனை இரையாகக் கோர்த்து 'பாஸ்' என்னும் நன்னீர் மீனைப் பிடிப்பது அப்பகுதி மக்களின் பொழுதுபோக்கு. பாரமற்ற அந்த இரையைத் தூர வீசுவதற்கு, தொட்டதும் சுழலும் உருளை தேவைப்பட்டது. கடிகாரத்துக்குப் பற்சக்கரம் வெட்டிய அதே கைகளால் ஸ்னைடர் 19ஆம் நூற்றாண்டின் முதற் பகுதியில் அதைச் செய்து முடித்தார்.

அவருக்குப் பின் வந்தவர்களும் அதே தொழிலைச் சேர்ந்தவர்களே. கென்டக்கியின் தலைநகரான பிராங்போட்டில் ஜொனதன் மீக், பெஞ்சமின் மீக் என்ற சகோதரர்கள் 1830களில் றீல் செய்யத் தொடங்கினர். அவர்களும் கடிகாரத் தொழிலாளர்கள். அவர்களிடம் தொழில் பழக வந்த பெஞ்சமின் மைலம் பின்னர் பங்காளியானார். மிசூரி மாநிலத்தில் புகழ்பெற்ற றீல்களைச் செய்த வில்லியம் டால்பொட் ஒரு நகை வணிகர். கைக்கடிகாரத்தில் இருப்பதைப் போலவே, இவர்களின் உயர்ரக றீல்கள் சிலவற்றிலும் அச்சு முனைகளைத் தாங்கச் சிறு கற்கள் பதிக்கப்பட்டன.

மீக், மைலம் ஆகியோரின் றீல்களில் ஒரு விடயம் என்னை வெகுவாகக் கவர்ந்தது. அவற்றின் திருகாணிகளில் இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு திருகாணிக்கும் அதற்கெனக் கையால் பொருத்தப்பட்ட துளை உண்டு. மாற்றிப் பூட்டினால் சரியாக அமராது. உரிமையாளர் இதைக் கழற்றுவார், துடைப்பார், எண்ணெய் விடுவார், மீண்டும் பூட்டுவார் என்று செய்தவரே எதிர்பார்த்திருக்கிறார் என்பதற்கு அந்தச் சிறு இலக்கங்களே சாட்சி.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தொழில் தனிமனிதரின் மேசையிலிருந்து தொழிற்சாலைக்குப் பெயர்ந்தது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் 1890களின் பிற்பகுதியில் ஒருவர், சுருட்டப்படும் நூல் ஓரிடத்தில் குவியாமல் உருளை முழுவதும் சமமாகப் படியும் பொறிமுறையொன்றை ஆக்கினார். அவரது பெயர் வில்லியம் ஷேக்ஸ்பியர், நாடகாசிரியரல்ல! குறுக்கும் நெடுக்குமாக மரை வெட்டிய ஒரு தண்டு. அதன் பள்ளத்தில் ஓடும் நகமளவு உலோகத்துண்டு. அத்துண்டு நூலை வலமும் இடமுமாக நடத்திச் செல்லும். இன்றைய மலிவு றீலிலும் இருப்பது அதே தண்டு, அதே துண்டுதான்.

கடிகாரத்துடனான உறவு ஐரோப்பாவிலும் தொடர்ந்தது. சுவீடனின் ஸ்வாங்ஸ்டா என்ற ஊரில் கார்ல் ஓகுஸ்ட் போர்க்ஸ்ரோம் 1921இல் தொடங்கிய நிறுவனம்தான் 'அபு'. அப்பெயரின் உட்பொருளே கடிகாரத் தொழிற்சாலை என்பதாகும். வாடகைக் கார்களின் கட்டணமானியும் அங்கு தயாரானது. இரண்டாம் உலகப் போரினால் கட்டணமானிக்குச் சந்தை இல்லாமற் போகவே, அதே இயந்திரங்களும் தொழிலாளரும் றீல் செய்யத் திரும்பினர். 1952இல் வெளிவந்த சிவப்பு நிற 'அம்பாசடர் 5000' அத்திருப்பத்தின் உச்சம். உருளை வேகமாகச் சுழலும்போது சிறு கட்டைகள் வெளிநோக்கித் தள்ளப்பட்டு வளையமொன்றில் உராயும். அதனால் வேகம் தானாகவே மட்டுப்படும். பெருவிரலின் வேலையில் ஒரு பகுதியை இயந்திரம் இவ்வாறு ஏற்றுக்கொண்டது. அந்த றீலை வாங்கியவருக்குத் தோற்பெட்டியினுள் றீலோடு சாவியும் எண்ணெய்க் குழாயும் சில உதிரிப்பாகங்களும் கிடைத்தன என்பது குறிப்பிடத்தக்கது.

ஜப்பானின் சக்காய் நகரில் அதே 1921இல் சைக்கிள் உதிரிப்பாகம் செய்யத் தொடங்கிய ஷிமானோ நிறுவனம் 1970இல் றீல் தயாரிப்பிலும் இறங்கியது. அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த லூ சில்டருடன் சேர்ந்து அது உருவாக்கிய றீல்கள் எடை குறைந்தவை, உள்ளங்கைக்குள் அடங்குபவை. பின்னர் 1980களில் காந்தப் பிறேக் பரவியது. அலுமினிய உருளையின் அருகே காந்தங்களை வைத்தால், சுழலும் உருளையில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, தொடாமலே அதன் வேகம் தணியும்.

இன்று உலகின் மலிவு றீல்களில் மிகப் பெரும்பாலானவை சீனாவில் தயாராகின்றன. முன்னோர் கண்ட விடைகள் அனைத்தும் அவற்றினுள் உள்ளன. குறைக்கப்பட்டிருப்பது உலோகத்தின் தரமும் பொருத்தும் நேரமுமே. பெட்டியின் மேல் பன்னிரண்டு பெயாரிங் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வீச்சின் தூரத்தைத் தீர்மானிப்பவை உருளையைத் தாங்கும் இரண்டு மூன்று மட்டுமே. அவற்றிலும் தடித்த கிறீஸ் அப்பியிருந்தால் பாரமற்ற இரை பறக்காது.

எனவே திருத்துபவரின் முதல் வேலை துப்புரவு. உருளையின் பெயாரிங்குகளைக் கழற்றி, லைற்றருக்கு ஊற்றும் எரிதிரவத்தில் அல்லது சுத்தமான அல்ககோலில், நெருப்புக்குத் தொலைவில் வைத்துக் கழுவி, உலர்த்தி, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு துளி விட வேண்டும். பிரதான பற்சக்கரத்துக்குக் கிறீஸ். மரைத் தண்டுக்கு எண்ணெய். கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் உருளைப் பெயாரிங்கில் எண்ணெய் மிகுந்தால் அது பிடிப்பை இழந்து வழுக்கும். கடலில் பயன்படுத்தியிருந்தால் நன்னீரால் மெதுவாகக் கழுவ வேண்டும். பீச்சியடித்தால் உப்பு உள்ளேதான் போகும்.

சிலர் இதற்கு மேலும் செல்கிறார்கள். எஃகுக் குண்டுகளுக்குப் பதிலாகப் பீங்கான் குண்டுள்ள பெயாரிங் போடுகிறார்கள். மீன் இழுக்கும்போது இறுக்கம் தரும் பழைய வட்டங்களை அகற்றிக் கார்பன் நார் வட்டங்களை வைக்கிறார்கள். நீண்ட கைப்பிடியும் எடை குறைந்த உருளையும் பூட்டுகிறார்கள். இவற்றுள் உருளையை மாற்றுவதே பாரமற்ற இரைக்கு அதிக பலன் தருவது. எடை குறைந்தது விரைவில் சுழலத் தொடங்கும், விரைவில் நிற்கும். ஆனால் எல்லாவற்றையும் மாற்றும் செலவில் இன்னொரு நல்ல றீலே வாங்கிவிடலாம் என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் றீலில் இரண்டு குறைகள் இருந்தன. ஒரு பெயாரிங் துருப்பிடித்திருந்தது. நூலை நடத்தும் அந்தச் சிறு உலோகத்துண்டின் ஒரு விளிம்பும் தேய்ந்திருந்தது. பெயாரிங் 3×10×4 மில்லிமீற்றர் என்ற பொது அளவு. சில டொலருக்குத் தபாலில் வந்து சேர்ந்தது. உலோகத்துண்டு அந்த மாதிரிக்கு மட்டுமே உரியது. செய்த நிறுவனம் அதைத் தனியாக விற்பதில்லை. மெல்லிய அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தினேன். இன்னும் ஒன்றிரண்டு கோடைகளுக்குத் தாங்கலாம். அதன் பின்னர் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் விடையில்லை.

90களில் யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடையின்போது, பற்றறி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அன்று எதையும் எறியாதது பண்பினாலா வறுமையினாலா என்று அறுதியிட்டுக் கூற என்னால் இயலவில்லை. ஆனால் எறிவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்க்கும் பழக்கம் அந்த நாட்களில் எமக்கு வந்தது. திருகாணிக்கு இலக்கம் பொறித்தவர்கள் அப்பழக்கத்தை நம்பித் தொழில் செய்தார்கள். ஒரு சிறு துண்டைக்கூடத் தனியாக விற்க மறுப்பவர்கள் அதை எம்மிடமிருந்து மெல்ல மெல்லப் பறிக்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் அவன் அந்த றீலைத் தடியில் பூட்டி வீசினான். முதல் வீச்சில் தங்கூசி சிக்கியது. பெருவிரலை எடுத்துவிட்டான். இரண்டாவது வீச்சில் இரை வெகுதூரம் சென்று விழுந்தது. அன்று மீன் எதுவும் கிடைக்கவில்லை. வீடு திரும்பியதும் துணியை மேசையில் விரித்தான். "எந்த ஆணியை முதலில கழட்டிறது சித்தப்பா?" என்று கேட்டான்.