பாதியில் நின்ற மணல்மேட்டு வண்டிகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கலிஃபோர்னியாவின் கடலோர மணல்மேடுகளில் வண்டி ஓட்டுவது ஒரு பொழுதுபோக்காக வளர்ந்தது. பிஸ்மோ கடற்கரைக்கு வந்தவர்களில் பலர் பழைய கார்களின் மேற்கூட்டைக் கழற்றி எறிந்து, சேசிஸைக் குட்டையாக்கி, அகலமான டயர்களை மாட்டி ஓட்டினார்கள். அந்த வண்டிகளுக்கு எடையும் அதிகம், பார்க்கவும் அழகில்லை. ஆனால் கட்டியவர் ஒவ்வொரு வாரமும் அதில் ஏறி ஓட்ட முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் காரிலிருந்து வேண்டாததைக் குறைத்துக்கொண்டே போவதுதான் அவர்களின் முறை. அடுத்த வாரம் மாற்ற வேண்டியது என்னவென்று இந்த வார ஓட்டம் காட்டிக்கொடுத்தது. வேலையில் ஊக்கம் குறைய அங்கே பெரிதாக வழியில்லை. வண்டியை அரைகுறையாகக் கைவிடும் வழக்கம் பரவலானது, பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் கிட் வண்டி வந்த பிறகுதான்.

அதற்கு வழி திறந்தவர் புரூஸ் மேயர்ஸ். 1926இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். போரில் பங்கர் ஹில் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் பணியாற்றி, 1945 மே மாதத்தில் அதன்மீது நடந்த தற்கொலை விமானத் தாக்குதலில் உயிர் பிழைத்தவர். போருக்குப் பின் ஓவியம், அலைச்சறுக்கு, படகு கட்டுதல் என்று வாழ்ந்தார். ஃபைபர்கிளாஸில் பாய்மரப் படகு வார்க்கும் தொழிலில் அவருக்கு அச்சும் ரெசினும் கைவந்த பொருள்களாயின. அந்தக் கைத்திறனோடு ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் இன்ஜினைச் சேர்த்து, 1964இல் சிவப்பு நிற வண்டி ஒன்றை முடித்தார். பின்னாளில் ‘ஓல்ட் ரெட்’ என்று புகழ்பெற்றது அதுதான். பீட்டிலின் இன்ஜின் பின்புறம் இருப்பதால் எடையின் பெரும்பகுதி உந்தும் சக்கரங்களின்மேல் விழும். காற்றால் குளிர்வதால் ரேடியேட்டரும் தண்ணீரும் தேவையில்லை. மணலுக்கு இதைவிடப் பொருத்தமான இன்ஜின் அன்று மலிவு விலையில் கிடைக்கவில்லை.

மாங்க்ஸ் என்று மேயர்ஸ் பெயரிட்ட இந்த வகையின் முதல் வண்டிகளில் தனிச் சேசிஸ் கிடையாது. ஃபைபர்கிளாஸ் கூடே எல்லாப் பளுவையும் தாங்கியது. வடிவமைப்பில் அது உயர்ந்ததுதான். ஆனால் செய்யச் செலவு மிகுதியாக இருந்ததால் 12 வண்டிகளோடு நின்றது. பிறகு மேயர்ஸ் எடுத்த முடிவே ஒரு தொழிலை உருவாக்கியது: பீட்டிலின் தரைத்தளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, 14¼ அங்குலம் குறைத்து, மேலே ஃபைபர்கிளாஸ் உடலை போல்ட் போட்டுப் பூட்டுவது. இதனால் விபத்தில் நசுங்கிய பீட்டில் ஒன்றை மலிவாக வாங்கி, கிட்டையும் வரவழைத்தால் யாரும் வண்டி கட்டலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

1967இல் அந்த நம்பிக்கை பெருந்தீயாகப் பரவியது. ஏப்ரல் மாதம் மேயர்ஸும் டெட் மாங்கெல்ஸும் ஓல்ட் ரெட்டில் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடங்களில் ஓட்டி, அதுவரை மோட்டார் சைக்கிளிடம் இருந்த சாதனையை ஐந்து மணி நேரத்துக்கும் மேல் முறியடித்தார்கள். நவம்பரில் நடந்த முதல் மெக்சிகன் 1000 பந்தயத்திலும் விக் வில்சனும் மாங்கெல்ஸும் ஓட்டிய மாங்க்ஸ்தான் வென்றது. அடுத்த ஆண்டு ‘தி தாமஸ் கிரவுன் அஃபேர்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் கடற்கரையில் ஒரு மாங்க்ஸைப் பாய்ச்சினார். ஆர்டர்கள் குவிந்தன. மேயர்ஸின் பட்டறையிலிருந்து சுமார் 6,000 கிட்கள் போயின. அவரைப் பார்த்து மற்றவர்கள் வார்த்த நகல்கள் உலகெங்கும் இரண்டரை லட்சம் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

கிட்டை வாங்கியவர் வீட்டில் நடந்த வேலையின் வரிசைதான் இந்த வரலாற்றின் மையம். முதலில் பீட்டிலின் உடலைச் சுற்றியிருக்கும் போல்ட்களைக் கழற்றி, மேற்கூட்டைத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் ஒரு நாளில் முடிகிற வேலை. அந்தக் கணத்தோடு ஓடிக்கொண்டிருந்த கார் இல்லாமல் போகிறது. அதன் பிறகு தரைத்தளத்தை வெட்டி, குறுக்கி, மீண்டும் வெல்டிங் செய்ய வேண்டும். தளத்தின் நடுவே ஓடும் குழல்பகுதிக்குள் கியர் தண்டு, கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. அத்தனையையும் அதே அளவு குறைத்தாக வேண்டும். வெல்டிங் சற்றே கோணினாலும் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தடத்தில் ஓடா. வெல்டிங் தெரியாதவர்கள் முதலில் தயங்கி நின்றது இந்தக் கட்டத்தில்தான்.

அதைத் தாண்டியவர்களுக்கு அடுத்து வந்தது பெரிய மகிழ்ச்சி. பளபளக்கும் உடலைத் தளத்தின்மேல் இறக்கி வைத்தால், ஒரே மாலையில் வண்டி உருவாகிவிட்டதைப் போலத் தோன்றும். அக்கம்பக்கத்தார் வந்து பார்ப்பார்கள், வீட்டார் படம் எடுப்பார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வேலை அத்தோடு முடிந்துவிடுகிறது. மிச்சமிருப்பது வயரிங், பிரேக் குழாய்கள், ஸ்டியரிங் தண்டைக் குறைப்பது, விளக்குகள், முன்கண்ணாடிச் சட்டம், இருக்கைகள், சைலன்சர். இவற்றில் மாதக்கணக்காக உழைத்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வண்டி நேற்று இருந்தது போலவே இருக்கும்.

வயரிங் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். இரும்பு உடல் கொண்ட காரில் உடலே மின்சாரத்தைத் திருப்பிக் கொண்டுபோகும். விளக்கின் ஒரு முனையை உடலோடு தொடுத்தால் தீர்ந்தது. ஃபைபர்கிளாஸில் மின்சாரம் பாயாது. ஒவ்வொரு விளக்குக்கும், ஹாரனுக்கும் தனித்தனியே எர்த் கம்பி இழுக்க வேண்டும். அமெரிக்காவில் 1966 மாடல் வரை பீட்டில்கள் 6 வோல்ட்டில் ஓடியவை. பழைய காரை உடைத்தவர் அந்த 6 வோல்ட்டோடு காலம் தள்ள வேண்டும், அல்லது எல்லாவற்றையும் 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். இவை கடினமான வேலைகள் அல்ல, சலிப்பூட்டும் வேலைகள். கடினமான வேலையில் நின்றவர் யாரையாவது கேட்டாவது தொடர்ந்தார். சலிப்பில் நின்றவர் ஷெட்டின் கதவைச் சாத்தினார், வண்டியின் மேல் பெட்டிகளும் பழைய துணிகளும் ஏறின.

நகல் கிட்கள் நிலைமையை மோசமாக்கின. மலிவு விலைக்காக ஃபைபர்கிளாஸை மெலிதாக வார்த்தவர்கள் இருந்தார்கள். துளைகள் தளத்தோடு பொருந்தாத உடல்களும் விற்கப்பட்டன. அத்தகைய கிட்டை வாங்கியவர், தயாரிப்பாளர் செய்திருக்க வேண்டிய வேலையையும் தானே செய்ய நேர்ந்தது. சில தயாரிப்பாளர்கள் தளத்தை வெட்டவே தேவையில்லாத, முழு நீளத் தளத்தில் உட்காரும் நான்கு இருக்கை உடல்களை வார்த்தார்கள். தோற்றத்தில் அவை மாங்க்ஸின் துள்ளலைப் பெறவில்லை என்றாலும், கட்டுபவரின் மனநிலையைச் சரியாகக் கணித்த திருத்தம் அது.

காகிதமும் ஊக்கத்தைக் கெடுத்தது. பீட்டிலின் சேசிஸ் எண் பின் இருக்கையின் அடியில் தளத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பழைய காரின் பதிவைக் கொண்டே ‘பக்கி’ எனப்படும் இந்த மணல்மேட்டு வண்டியைப் பதிவு செய்வது வழக்கம். குப்பைக்கிடங்கில் ஆவணமில்லாமல் தளத்தை வாங்கியவருக்கு, வண்டி முடிந்தாலும் சாலையில் எடுப்பது தலைவலிதான். பிரிட்டனில் வேறு வகைச் சூழல். அங்கே முழுக் காருக்கு விதித்த கொள்முதல் வரி, பாகங்களாக விற்ற கிட்டுக்கு இல்லை. கையில் பூட்டினால் பணம் மிச்சம் என்பதே பலரை இழுத்தது. 1973 ஏப்ரலில் மதிப்புக்கூட்டு வரி வந்து கிட்டையும் சேர்த்துப் பிடித்ததும் அந்த ஈர்ப்பு மங்கியது.

அமெரிக்காவில் ஓட்டும் இடமே சுருங்கியது. மணல்மேடுகளின் செடிகளும் உயிரினங்களும் சிதைவது பற்றிய கவலை வலுத்து, 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் பிறப்பித்த 11644ஆம் ஆணை, கூட்டாட்சி அரசின் நிலங்களில் இத்தகைய வண்டிகள் எங்கே ஓடலாம், எங்கே கூடாது என்று வரையறுக்கச் சொன்னது. அந்த நிலங்களுக்கு அது தேவையான ஆணை. ஆனால் பாதி கட்டிய வண்டி வைத்திருந்தவருக்கு, முடித்து எங்கே ஓட்டுவது என்ற கேள்வி எழுந்தது. அடுத்த ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தது. 1977க்குப் பிறகு அமெரிக்காவில் கூரையுள்ள புதிய பீட்டிலின் விற்பனையும் நின்றது.

ஊக்கம் இழந்தவர்களில் மேயர்ஸும் ஒருவர். நகலெடுத்த ஒருவர்மீது அவர் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் அவருடைய காப்புரிமையை ஏற்கவில்லை. தான் உருவாக்கிய வடிவம் தன் கையை விட்டுப் போவதைப் பார்த்து மனம் கசந்து அவர் நிறுவனத்தை விட்டு விலகினார். 1971இல் நிறுவனமும் மூடப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் பக்கியைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1994இல் ஃபிரான்சில் நடந்த பக்கி ஆர்வலர் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டுப் போனபோதுதான், தன் வடிவத்தை எத்தனை பேர் இன்னும் பேணுகிறார்கள் என்று கண்டார். அதையடுத்து மாங்க்ஸ் கிளப் உருவானது.

கிளப் செய்த நல்ல காரியம், தனியாக ஷெட்டில் இருந்தவரை மற்றவர்களோடு சேர்த்தது. எந்தக் கேபிள் எந்த நீளம், எந்த விளக்குக்கு எந்தக் கம்பி என்று முடித்தவர் முடிக்காதவருக்குச் சொன்னார். பழைய உடல்களை ஆராய்ந்து, அசல் மாங்க்ஸ் எது, நகல் எது என்று மேயர்ஸ் சான்றளித்ததால், மறந்துபோன கிட் ஒன்று மதிப்புள்ள பொருளாகவும் மாறியது. ஒருவர் தொடங்கியதை, விலைக்கு வாங்கிய இன்னொருவர் முடித்தார்.

2014இல் ஓல்ட் ரெட் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வண்டிகளின் பதிவேட்டில் சேர்ந்தது. மேயர்ஸ், பின்னாளில் மீண்டும் தொடங்கியிருந்த நிறுவனத்தை 2020இல் விற்றார். 2021 பிப்ரவரி 19இல், 94ஆம் வயதில் காலமானார். புதிய உரிமையாளர்கள் 2022இல் அறிவித்த மின்சார மாங்க்ஸ், வாங்குபவர் எதையும் பூட்ட வேண்டியில்லாத முழு வண்டி. பீட்டில் தளத்தில் தானே கட்ட விரும்புவோருக்கான கிட்டையும் அவர்கள் விற்கிறார்கள்.