பழுதில் பிறந்த மிக்ஸி

எங்கள் திருவானைக்காவல் வீட்டு மிக்ஸி போன வாரம் திடீரென்று நின்றுவிட்டது. மறைந்த என் மனைவி ஆசையாய் வாங்கியது. "தூக்கிப் போடுங்கப்பா, ஃபாரின் மிக்ஸி வாங்கித் தர்றேன்" என்றான் மகன்.

அவனுக்கு ஒரு பழைய கதை சொன்னேன். மும்பையில் மாதுரி மாத்தூர் என்ற அம்மாளின் ஜெர்மன் மிக்ஸி பழுதானது. இங்கே சரிசெய்ய வழியில்லை. பொறியாளரான கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர், நம் சமையலுக்குத் தாங்கும் மோட்டாரோடு தாமே ஒன்று செய்தார். 1963இல் நிறுவனம் தொடங்கினார். அப்படி வந்ததுதான் சுமீத். நம் வீடுகளில் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் ஓய்வு வந்தது.

கதை முடிவதற்குள் மோட்டார் ஆறியிருந்தது. மிக்ஸியைக் கவிழ்த்து, அடியிலிருந்த சிவப்பு பட்டனை அழுத்தினேன். சுமை கூடினால் மோட்டார் எரியாமல் காப்பது அதுதான்.

மிக்ஸி ஓடியது. அன்று தேங்காய்ச் சட்னி.