தாங்கலில் ஒரு பக்கவாதம்

தாங்கல் என்பது மழைநீரைத் தேக்கும் சிறு ஏரிக்குத் தொண்டை மண்டலத்தார் இட்ட பெயர். பூவிருந்தவல்லிச் சாலையோரத்து ஐயப்பன்தாங்கலும் அப்பெயரைச் சுமந்தபடியே, வயல் நீங்கிச் சம்பளக்காரர்களின் வாசஸ்தலமாயிற்று.

நிலத்தை நம்பிய குடும்பத்தில் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்தால், பயிரை உறவினர் கவனிக்க, சகதர்மிணி தைலம் தேய்த்துக் கைகால்களை நீவிவிடுவாள். மாதச் சம்பளமோ கை விழுந்த அன்றே நின்றுவிடக்கூடியது. இவ்வித விபத்துகளை உத்தேசித்தே 1948-இல், மாதம் 400 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கென, ஜனங்கள் இ.எஸ்.ஐ. என்றழைக்கும் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டம் பிறந்து, 1955-இல் கோயம்புத்தூர் வழியாகத் தமிழகத்தை அடைந்தது. 2017-இல் அவ்வரம்பு 21,000 ஆயிற்று. சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீத ஊதியம். பக்கவாதமோ நீடித்த நோய்களின் பட்டியலில் இருப்பதால், இரண்டாண்டு பணிபுரிந்தவருக்கு 80 சதவீதம், மேலும் நெடுநாள் கிடைக்கும். கண்ணியமான ஏற்பாடுதான்.

ஆயினும், நோயாளியைத் தூக்கி உட்காரவைத்து, குழறும் பேச்சைப் பழக்கி, அதற்காகவே தன் உத்தியோகத்தைத் துறந்த மனைவியின் சம்பளத்தைப் பற்றிச் சட்டம் மௌனம் சாதிக்கிறது. (வீட்டில் எப்போதும் ஒருத்தி இருப்பாள் என்று அதை இயற்றியவர்கள் எண்ணினார்கள் போலும்!) 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வாசலுக்கே கொணர்ந்தது, அவளுக்கு ஆட்டோச் செலவு மட்டும் மிச்சம்.