சிரியா உள்நாட்டுப் போர்: வெளிநாடுகள் ஏன் உள்ளே வந்தன?

2011-ல் அதிபர் பஷார் அல் அசாத்துக்கு எதிராகத் தொடங்கிய போராட்டம் உள்நாட்டுப் போராக மாறியது. சீக்கிரமே வெளிநாடுகளும் இறங்கின. எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: 'பயங்கரவாதத்தை ஒழிக்கிறோம்.' ஆனா, ஒவ்வொருவர் கணக்கும் வேறு.

ரஷ்யா: 2015 செப்டம்பர் 30-ல் வான்தாக்குதலைத் தொடங்கியது. மத்தியதரைக் கடலில் அதற்கிருந்த ஒரே கடற்படைத் தளம், சிரியாவின் டார்டஸ். அசாத் போனால் அதுவும் போகலாம்.

இரான்: லெபனானில் உள்ள ஹெஸ்பொலாவுக்கு ஆயுதம் அனுப்ப சிரியா வழியாகத்தான் முக்கியப் பாதை இருந்தது.

அமெரிக்கா: 2014 செப்டம்பரில் ஐ.எஸ். மீது குண்டு வீசியது. தரையில் சண்டையிட குர்து படைகளை நம்பியது.

துருக்கி: 2016 ஆகஸ்டில் படை அனுப்பியது. ஐ.எஸ்.ஸை விரட்டுவதோடு, அதே குர்துகள் தன் எல்லையோரம் காலூன்றாமல் தடுப்பதும் நோக்கம். இத்தனைக்கும் அமெரிக்காவும் துருக்கியும் நேட்டோ கூட்டாளிகள்!

விளைவு என்ன?

தோற்கும் தரப்புக்கு வெளியிலிருந்து பணமும் ஆயுதமும் வந்தால், சமரசம் பேச வேண்டிய அவசியமே வராது. போர் இழுத்துக்கொண்டே போகும். முதல் 10 ஆண்டுகளில் மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமான பொதுமக்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. மதிப்பிட்டது.

2024 இறுதியில் ரஷ்யா உக்ரைனில் சிக்கியிருந்தது. இஸ்ரேலுடனான போரில் ஹெஸ்பொலா பலமிழந்திருந்தது. கிளர்ச்சிப் படைகள் வேகமாக முன்னேறின. டிசம்பர் 8-ல் அசாத் ஆட்சி கவிழ்ந்தது.

அடுத்த முறை இப்படியொரு போர்ச் செய்தியைப் படித்தால், இதைக் கேட்டுப் பாருங்கள்: இவர்கள் ஆதரிக்கும் தரப்பு தோற்றால், இவர்களுக்கு என்ன நஷ்டம்?